தொட்டியில் போட்ட தூள்

தங்கவேலின் போர்க் கிணற்றில் தண்ணீர் ரோஸ் நிறத்தில் வரத் தொடங்கி மூன்று வருடம் முடிந்திருந்தது. முதல் நாள் அவர் மோட்டாரை நிறுத்தினார். குழாயின் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்தார். துருவாக இருக்கும் என்று நினைத்தார். மறுபடி போட்டார். அதே நிறம்.

நிலத்துக்கு மேற்கே அரைக் கிலோமீட்டரில் ஒரு சாயப்பட்டறை இருந்தது. கழிவை அவர்கள் மண்ணுக்குள் இறக்குகிறார்கள் என்பது ஊர் அறிந்த சங்கதி. எந்த இடத்தில் என்பதுதான் யாருக்கும் தெரியாது. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மனு எழுதியபோது பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பட்டறை அவர்கள் வீட்டு ஆட்களை வேலைக்கு எடுக்க எடுக்க ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். கடைசியில் மனுவில் மிஞ்சியது தங்கவேல் மட்டும்.

வில்லியனூர் சாலை டீக்கடைக்கு அவர் போனால் பெஞ்சிலிருந்து யாராவது ஆரம்பிப்பார்கள்.

“இன்னா தங்கவேலு, வூட்டுக்கு விருந்தாளி வந்துகீறாங்க. ஒரு சொம்பு ரோஸ் மில்க் குடுத்தனுப்பேன்.”

“குடுக்கறேன். சக்கர நீ போட்டுக்கணும்.”

சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். டீயைக் குடித்து முடித்து நிலத்துக்குப் போவார். ஒன்றரைக் காணி, ஏறக்குறைய இரண்டு ஏக்கர். சொர்ணவாரிப் பட்டத்தில் நாற்றின் நுனி கருகியது. சம்பாவில் பாதிக் கதிர் பதர். ஆனாலும் போனார். தினமும் போய் வரப்பில் நின்றுவிட்டு வந்தார்.

மகள் ஜெயசுதா பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. வேறு ஏதோ தலைப்பில் சேர்ந்தவள், போர் நிறம் மாறிய வருடம் வழிகாட்டியிடம் போய்த் தலைப்பை மாற்றிக்கொண்டாள். சாயத் தண்ணீரைத் தெளிய வைக்கும் தூள். உலோக உப்பையும் ஒரு கரிம அமிலத்தையும் எஃகுக் குடுவையில் அடைத்து ஒரு நாள் சூட்டில் வைத்தால் இளமஞ்சளாக ஒரு பொடி கிடைக்கும். பார்க்கக் கடலை மாவு போல இருக்கும். துகளுக்குள் கூடு கூடாகத் துளைகள். எந்தக் கண்ணுக்கும் தெரியாத துளைகள். சாயம் அவற்றுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். தண்ணீர் வெளியே நின்றுவிடும்.

ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாவுக்கு அதைச் சொன்னாள். ஒரு கிராம் தூளுக்குள் இருக்கும் துளைச் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் வரும். எட்டு கிராம் இருந்தால் நம் நிலம் முழுக்கப் போர்த்திவிடலாம்.

தங்கவேல் பிசைந்த சோற்றைக் கையிலேயே வைத்திருந்தார்.

“எட்டு கிராமுக்குள்ள ஒன்றரைக் காணியா?”

“ஆமாம்ப்பா.”

“வரப்பு வுடணுமே. அதையும் சேத்தா?”

அவர் மனைவி ருக்குமணி குழம்பை ஊற்றிக்கொண்டே, “மொதல்ல பட்டா யாரு பேர்ல இருக்குதுன்னு கேளுய்யா” என்றாள்.

“அது நெறத்ததான்பா எடுக்கும். உப்ப எடுக்காது. தண்ணி தெளிஞ்சாலும் உப்பு உள்ளயேதான் இருக்கும்.”

“மொதல்ல நெறம் போவட்டும்” என்றார் தங்கவேல். “நெறத்தப் பாத்துதான சிரிக்கறானுங்க.”

பல்கலைக்கழகத்தில் வருடத்துக்கு ஒரு நாள் பொதுமக்களை ஆய்வுக்கூடங்களுக்குள் விடுவார்கள். அந்த வருடம் ஜெயசுதாவுக்கும் ஒரு மேசை கொடுத்தார்கள். அவள் சொந்தப் போரின் தண்ணீரையே இரண்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனாள். ஒன்றை அப்படியே வைத்தாள். மற்றதில் ஒரு சிட்டிகைத் தூளைப் போட்டுக் குலுக்கி வடிகட்டினாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை தட்டினார்கள். பெரிய அதிகாரி ஒருவர் குனிந்து இரண்டையும் பார்த்தார். நிமிர்ந்து அவளுக்குக் கை கொடுத்தார்.

தங்கவேல் அவளுக்குப் பின்னால் சுவரோரம் நின்றிருந்தார். நான்கு மணி நேரம். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார்.

“ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்ச பாரு, அங்கதான் இருக்குது விசயம். தனித்தனியா வச்சிருந்தா எவன் நின்னு பாக்கப் போறான்.”

அந்த அதிகாரி கை கொடுத்ததை ருக்குமணியிடம் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை அவள், “எந்தக் கையி?” என்று கேட்டாள். “வலது கையிடி” என்றார் அவர். கேலி என்பது அப்புறம்தான் புரிந்தது.

வழிகாட்டி பேராசிரியர் விஜயகுமாரி கண்டிப்பானவர். கெட்டவர் இல்லை. “வெளியில சோதனை பண்ணணும்னா எழுதிக் குடு. அனுமதி வரட்டும். அதுவரைக்கும் ஒரு ஸ்பூன் தூள்கூட லேபை விட்டு வெளிய போகக் கூடாது” என்றார். இரண்டு வருடத்துக்கு முன்பு வீரமணி என்ற மாணவன் ஏதோ ஒரு ரசாயனத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் மாட்டிக்கொண்டான். அவன் பதிவையே ரத்து செய்தார்கள். இப்போது அரியூர்ப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறான். ஜெயசுதா ஒரு முறை அங்கே தலைவலி மாத்திரை வாங்கினாள். சில்லறையை அவன் அவள் கையில் கொடுக்காமல் மேசை மேல் வைத்தான்.

அனுமதி கேட்டு எழுதி ஏழு மாதம் ஆயிற்று. வரவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று மாதம்தான் இருந்தது. நிலத்துத் தண்ணீரில், பெரிய அளவில், ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. தடவைக்கு இரண்டு கிராம் என்று எட்டு மாதமாகச் சேர்த்த தூள் நூற்று அறுபது கிராம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

“இது நிலத்துல இருக்கற நம்ம தொட்டிக்குப் போதும்ப்பா. மனுவுக்காக ஆய்வுக் குழு வந்து தண்ணி எடுத்துட்டுப் போவட்டும். அதுக்கப்புறம் நாம ரெண்டு பேரும் போட்டுப் பாக்கலாம்.”

“எப்படிப் போடறது?”

“சும்மா கொட்டி, கழியால நல்லா கலக்கி வுட்டுடணும். ராத்திரி பூரா வுட்டா காலையில அடியில படிஞ்சிடும்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

பாட்டிலை பீரோவில் துணிகளுக்குப் பின்னால் வைத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். லேபுக்குத் தெரியாமல் எடுத்துவந்தது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குத் தூக்கம் வராது.

குழு வரும் தேதி கடிதத்தில் வந்தது. மூன்று வருடத்தில் முதல் கடிதம். அதே தேதியில் மின்தடை என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை.

“இன்னாப்பா இப்படி ஆயிடுச்சி” என்றாள் ஜெயசுதா.

“அதுக்கு இன்னா? முந்தின நாளு சாயங்காலமே தொட்டிய ரொப்பி வச்சிடறேன். அதுலேர்ந்து எடுத்துக்கட்டும்.”

அது சரியாகத்தான் பட்டது.

அன்று காலை குழுவுக்கு வழி காட்ட அவள் ஸ்கூட்டியில் வில்லியனூர் வரை போனாள். ஜீப்பில் மூன்று பேர் இருந்தார்கள். பொறுப்பாளர் புகழேந்தி என்ற பொறியாளர், ஐம்பதை நெருங்கியவர். “எவ்வளவு நாளா இருக்கு இந்த நெறம்?” என்று கேட்டார். மூன்று வருடம் என்றாள். அவர் உச்சுக் கொட்டினார். நல்ல மனிதராகத் தெரிந்தார். ஜீப்புக்குப் பின்னால் ஒரு காரில் பட்டறை மேனேஜர் வந்தார். மாதிரி எடுக்கும்போது எதிர்த்தரப்பும் இருக்க வேண்டும் என்பது விதி.

வரப்பில் நடந்து வரும்போதே அவள் பார்த்துவிட்டாள். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். தொட்டியைச் சுற்றிப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. தொட்டிச் சுவரின் மேல் இரண்டு பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் ரோஸ். மற்றதில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை.

அவள் வேகமாக நடந்து வந்து தொட்டிக்குள் பார்த்தாள். அடி வரைக்கும் தெரிந்தது. அடியில் சிவந்த வண்டல் மெல்லிசாகப் படிந்திருந்தது. மூங்கில் கழி சுவரில் சாய்ந்திருந்தது.

வேலை செய்திருக்கிறது. அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான். இரண்டாயிரம் லிட்டர், ஒரே இரவில். மற்றது அதற்குப் பிறகுதான் தோன்றியது.

“வாங்க சார்” என்றார் தங்கவேல். “இது போர்ல வர்ற தண்ணி. இது எம் பொண்ணு செஞ்ச தூளு போட்ட தண்ணி. ரெண்டும் ஒரே தண்ணிதான் சார். கிட்ட வந்து பாருங்க.”

யாரும் பாட்டில்களைப் பார்க்கவில்லை. புகழேந்தி தொட்டியைப் பார்த்தார்.

“தொட்டித் தண்ணியில என்னமோ போட்டிருக்கீங்களா?”

“தூளு சார். எம் பொண்ணு யுனிவர்சிட்டில கண்டுபுடிச்சது. நேத்து ராத்திரி போட்டேன். பாருங்க, காசு போட்டா எடுக்கலாம், அப்படித் தெளிஞ்சி போச்சி.”

“நாங்க மாதிரி எடுக்க வந்திருக்கோம் ஐயா. எக்ஸிபிஷன் பாக்க வரல.”

தங்கவேலின் சிரிப்பு அப்படியே நின்றது. மறையவில்லை.

“மாதிரி இதோ இருக்குதே சார். இந்த பாட்டிலு. நேத்து சாயங்காலம் போர்லேர்ந்து நானே புடிச்சது.”

“மனுதாரர் புடிச்சி வச்சதை நாங்க எடுக்கக் கூடாது. மோட்டாரப் போடுங்க. குழாயிலேர்ந்து எடுத்துக்கறோம்.”

“கரண்டு இல்ல சார். அஞ்சு மணிக்குத்தான் வரும்.”

புகழேந்தி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்கு பாகூரில் இன்னொரு ஆய்வு இருந்தது.

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “சார், சாயத்துல ஆராய்ச்சி பண்ற வூடு இது. எடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஊத்தத் தெரியாதா?”

“யோவ்” என்றார் தங்கவேல்.

“நான் உன்ன சொல்லல பெரியவரே. பொதுவா சொல்றேன்.”

புகழேந்தி மேனேஜரைக் கையால் அடக்கினார். பிறகு ஜெயசுதாவிடம் திரும்பினார். குரலைத் தணித்துத்தான் பேசினார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“அம்மா, நான் இத ரெண்டு விதமா எழுதலாம். இது உங்க ஆராய்ச்சிக்காக நீங்க பண்ண சோதனை, தூள நீங்கதான் குடுத்தீங்கன்னு சொன்னீங்கன்னா அப்படி எழுதிக்கறேன். உங்க பேரு, டிபார்ட்மென்ட்டு, கைடு பேரு எல்லாம் போட்டு. அவங்களுக்கு ஒரு லெட்டர் போகும். நாங்க வேற ஒரு நாள் வந்து குழாயிலேர்ந்து எடுப்போம். இல்ல, அவரா கலந்தாருன்னா, மனுதாரரே மாதிரியக் கெடுத்துட்டாருன்னுதான் எழுதணும். மனு அத்தோட முடிஞ்சிடும். எனக்கு வேற வழியில்ல. தூள நீங்க குடுத்தீங்களா?”

மேனேஜர் செல்போனில் தொட்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அரியூர் மருந்துக் கடையின் மேசை தெரிந்தது. அதன் மேல் வைத்த சில்லறை தெரிந்தது. ஐந்து வருடம். இன்னும் மூன்று மாதம்.

“இல்ல சார்” என்றாள்.

“நீங்க குடுக்கல?”

“நான் குடுக்கல. பீரோவுல வச்சிருந்தேன். எனக்குத் தெரியாம எடுத்திருக்காரு.”

எல்லாமே உண்மை. அதில் பொய் என்று ஒரு சொல்லை யாரும் காட்ட முடியாது.

தங்கவேல் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. கூட்டத்தில் தெரிந்த முகம் என்று கூப்பிட்டுவிட்டு, அந்த ஆள் திரும்பியதும் வேறு யாரோ என்று கண்டவர் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு தோளிலிருந்து துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஆமா சார்” என்றார். “அதுக்குத் தெரியாது. நான்தான் தெரியாம எடுத்துட்டேன்.”

ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுதினார்கள். புகழேந்தி படித்துக் காட்டினார். தங்கவேல் கையெழுத்துப் போட்டார். இரண்டு பிரதி. மேனேஜரும் போட்டார். அவர் பேனாவைத் தங்கவேலிடமிருந்துதான் வாங்கிப் போட்டார்.

எல்லோரும் போன பிறகு அவர் அந்த இரண்டு பாட்டில்களையும் எடுத்து வரப்பில் கவிழ்த்தார். ரோஸ் எது, தெளிந்தது எது என்று ஈர மண்ணில் தெரியவில்லை.

“அப்பா” என்றாள்.

“வெயிலு ஏறுது. நீ வூட்டுக்குப் போம்மா” என்றார்.

ருக்குமணிக்கு அவர் சொன்னது ஒரே வரிதான். “நான்தான் அவசரப்பட்டுட்டேன்.” மகள் என்ன சொன்னாள் என்பதை அவர் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ருக்குமணி இரண்டு நாள் அவரைத் திட்டினாள். “மூணு வருசம் அலைஞ்சிட்டு, உன்ன யாருய்யா அவனுங்களுக்கு வித்த காட்டச் சொன்னது?” அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெயசுதாவும் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள் பீரோவைத் திறந்தபோது துணிகளுக்குப் பின்னால் அந்தக் கண்ணாடிப் பாட்டில் இருந்தது. உள்ளே முக்கால் பங்கு தூள். செங்கல் பொடி நிறத்தில். தொட்டியை இறைத்து, அடி வண்டலை வேட்டித் துணியில் வடித்து, காயவைத்து, நிரப்பி வைத்திருந்தார்.

“முடிஞ்ச மட்டும் வாரிட்டேன்” என்றார் அவர், வாசற்படியிலிருந்து. “கொஞ்சம் சிமிட்டில ஒட்டிக்கிச்சி. வரல.”

“எனக்கு இது வேணாம்ப்பா.”

“வாணாமா? உன்து ஆச்சே.”

அதற்கு மேல் அவர் நிற்கவில்லை.

உத்தரவு ஒரு மாதத்தில் வந்தது. மாதிரி நீரில் மனுதாரரே அடையாளம் தெரியாத பொருளைக் கலந்தது உறுதியானதால் மனு தள்ளுபடி. டீக்கடையில் இப்போது ரோஸ் மில்க்கைப் பற்றி யாரும் பேசவில்லை. தங்கவேல் மகள் லேபிலிருந்து சாயம் கொண்டுவந்து ஊற்றினாள் என்று பேசினார்கள். அவர் டீக்கடைக்குப் போவதை விட்டார். சம்பாவுக்கு நாற்று விடவில்லை. அரியூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். ஊதா நிறச் சட்டை கொடுத்தார்கள். அது அவருக்குத் தோளில் தொங்கியது.

இன்னொன்றும் மாறியது. வீட்டில் எதை எடுத்தாலும் அவளைக் கேட்டார்.

“இந்த டார்ச்ச எடுத்துக்கட்டுமாம்மா?”

அவருடைய டார்ச்.

“இந்தப் பேப்பரப் பாக்கலாமா? நீ படிச்சிட்டியா?”

ருக்குமணிக்குச் சிரிப்பு வந்தது. “இன்னாய்யா இது, மாமியா வூட்டுக்கு மொதமொதலா வந்த மாப்ள மாரி நின்னுகினு கேக்கற?” அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த முறையும் கேட்டார். ஜெயசுதா ஒவ்வொரு முறையும் “எடுத்துக்கப்பா” என்றாள். ஒவ்வொரு முறையும் அவர் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்து, அதன் பிறகுதான் கையை நீட்டினார்.

ஒரு நாள் அவர் வேலைக்குக் கிளம்பும்போது அவள் வாசலில் வழிமறித்தாள்.

“அப்பா, அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“எப்படி?”

“நான் குடுக்கலன்னு.”

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார். “நீ எங்கம்மா குடுத்த? நான்தான எடுத்தேன். நீ சொன்னது நெசந்தானே.”

“நீ அப்படிப் பேசாதப்பா.”

“உன் படிப்புக்கு ஒண்ணும் ஆவலியே? லேப்ல ஒண்ணும் கேக்கலியே?”

“கேக்கல.”

“அப்ப சரி” என்றார். நிஜமாகவே அவர் முகம் தெளிந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆய்வேட்டைக் கொடுத்தாள். ஆறு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வான வைவாவுக்குத் தேதி வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்பது வழக்கம். வீட்டு மனிதர்கள் வருவார்கள். முடிந்ததும் சமோசாவும் டீயும் கொடுப்பார்கள். தங்கவேல் வரவில்லை என்றார். டியூட்டி இருக்கிறது என்றார். ருக்குமணி விடவில்லை. “அஞ்சு வருசம் அது படிச்சிருக்குது. நீ ஒரு மண்டபத்து கேட்ட ஒரு நாளு பூட்டிட்டு வரமாட்டியா?” இழுத்துக்கொண்டு வந்தாள்.

கூடத்துக்கு வெளியே அவர் செருப்பைக் கழற்றினார். அங்கே வேறு யாருடைய செருப்பும் இல்லை. கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஜெயசுதா நாற்பது நிமிடம் ஆங்கிலத்தில் பேசினாள். திரையில் வரைபடங்கள் வந்து போயின. துளைகளின் அளவு, சாயம் பிடிக்கும் வேகம், எத்தனை தடவை கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது. எல்லாம் கண்ணாடிக் குடுவையில், நூறு மில்லிக்குள் செய்தவை. விஜயகுமாரி முதல் வரிசையில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

தேர்வாளர் மதுரையிலிருந்து வந்திருந்தார். வயதானவர், இதமாகப் பேசுபவர். நாலைந்து கேள்விகள் கேட்டார். அவள் பதில் சொன்னாள். பிறகு அவர் பின்வரிசையில் இருந்த வீட்டு மனிதர்களைப் பார்த்தார். அவர்களுக்கும் புரியட்டும் என்று தமிழுக்கு மாறினார்.

“ஒரு கேள்விதான் பாக்கி. நல்ல வேலைம்மா இது. இந்தத் தூள வெளியில, நிஜமான சாயத் தண்ணில, பெரிய அளவுல எப்பவாவது போட்டுப் பாத்தீங்களா?”

அதற்கு அவள் ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். அது இனி செய்ய வேண்டிய ஆய்வு என்ற பதில். எல்லோரும் சொல்வதுதான். வாயைத் திறந்தாள். வரவில்லை.

விஜயகுமாரி திரும்பிப் பார்த்தார். தேர்வாளர் பேனாவைத் திறந்து தாளின் மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தங்கவேல் எழுந்து நின்றார். துண்டு தோளிலிருந்து கைக்கு வந்திருந்தது.

“அது பண்ணல சார்” என்றார். “அதுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் தெரியாம எடுத்துட்டேன்.”

எல்லாத் தலைகளும் திரும்பின. மாணவர்களில் ஒருவன் சிரித்தான், பிறகு நிறுத்தினான். ருக்குமணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “உக்காருய்யா. இன்னா பேசற நீ?”

தேர்வாளர் ஜெயசுதாவைப் பார்த்தார். “யாரும்மா அவர்?”

“எங்க அப்பா சார்.”

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வழிகாட்டியைப் பார்க்கவில்லை.

“போட்டுப் பாத்திருக்கோம் சார். எங்க நிலத்துத் தொட்டில. ரெண்டாயிரம் லிட்டர். ஒரே ராத்திரியில தெளிஞ்சிது. போட்டது எங்க அப்பா. தூள வூட்டுக்குக் கொண்டு போனது நான். எப்படிப் போடணும்னு அவருக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். நான்தான் குடுத்தேன் சார்.”

விஜயகுமாரியின் முகம் மாறியது. ஜெயசுதா அதைப் பார்த்தாள். பார்த்தும் நிறுத்தவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் கடைசி வரியைச் சொன்னாள்.

தங்கவேல் வேகமாகத் தலையை ஆட்டினார். இரண்டு அடி முன்னால் வந்தார்.

“இல்ல சார். அத எழுதாதீங்க. எனக்காகச் சொல்லுது சார் பொண்ணு. சின்னதுலேர்ந்தே அப்படித்தான். அதுக்குத் தெரியவே தெரியாது. பீரோவுல வச்சிருந்திச்சி, நான்தான் எடுத்தேன். அன்னிக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன் சார், பாருங்க, அந்தப் பேப்பர்ல இருக்கும்.”

“அப்பா, நான் நெசத்ததான் சொல்றேன்.”

“நீ சும்மா இரும்மா.” அவர் அவளைப் பார்க்கவில்லை. “சார், படிக்கற பொண்ணு சார்.”

தேர்வாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரல் அவருக்குக் கேட்டது. “நாங்க எதையும் எழுதலீங்க ஐயா” என்றார். “உக்காருங்க. தண்ணி எதாவது குடிக்கறீங்களா?”

தங்கவேல் உட்காரவில்லை. வெறுங்காலோடு, துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.